பாண்டியம்மாள் கேட்ட கொக்கி

தேனியில் மூடிக் கிடந்த பஞ்சு மில் ஒன்றைப் பிரித்தபோது, கம்பத்தில் இருக்கும் என் பழைய இரும்புக் கடைக்கு இரண்டு லோடு வந்தது. எங்கள் தொழிலில் முதல் வேலை தரம் பிரிப்பது. அப்படியே ஓடக்கூடியது ஒரு பக்கம், உருக்கப் போவது மறுபக்கம். மோட்டார், கியர், புல்லி எல்லாம் ஓடும் பக்கம் போயின. பெரிய கிரேன் கொக்கி ஒன்றுதான் நடுவில் கிடந்தது.

பாண்டியம்மாள் வந்ததும் அதைத்தான் தூக்கிப் பார்த்தார். கடமலைக்குண்டுக்காரர். கிணறு ஆழப்படுத்தும் கிரேன் வைத்து ஆட்களை நடத்துகிறவர்.

"பாய், இதைக் குடுத்துருங்க. என் கிரேன் கொக்கி வாய் விரிஞ்சுபோச்சு. இது மில்லுக் காலத்து இரும்பு, அசையாது."

"இரும்பு நல்லதுதான் ஆத்தா. இத்தனை வருசமா எவ்வளவு தூக்குச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினேன். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து பொடியை நனைக்கும். டீ குடித்து முடிப்பதற்குள், வளைவின் உட்புறம் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது.

"வெல்டிங் வச்சுக்கிறேன்."

"கொக்கிக்கு வெல்டிங் ஆகாது. இது உருக்கத்தான்."

"ஒங்க கடை ஒண்ணுதான் கடையா?" என்றார் கோபமாக.

முழுசாகப் போட்டால் யாராவது பெயிண்ட் அடித்து விற்றுவிடுவார்கள். கேஸ் கட்டரால் எதிர்ப்பக்கம் பாதி வெட்டி, சம்மட்டியால் அடித்தேன். உடைந்த இடத்தில் ஓரமாக மட்டும் புது இரும்பு மின்னியது. மற்றதெல்லாம் கறுத்த பழைய துரு; விரிசல் எப்போதோ உள்ளே வரை ஓடியிருந்தது.

பாண்டியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "என் கொக்கியும் இப்படித்தான் இருக்குமோ?"

"அது இப்ப எங்கன இருக்கு?"

"சுருளிப்பட்டியில ஓடிக்கிட்டிருக்கு. என் மருமகனும் கிணத்துக்குள்ளதான் நிக்கிறாக."

சொல்லிக்கொண்டே கிரேன் ஓட்டுகிறவனுக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஏலே, கிரேனை நிப்பாட்டு. பக்கெட்டுல யாரும் ஏறக் கூடாது. எல்லாரையும் படி வழியா ஏறி வரச் சொல்லு. மேல வந்ததும் ஒவ்வொருத்தராப் பேசச் சொல்லு."

கடைசி ஆளின் குரல் கேட்கும் வரை அவர் உட்காரவில்லை.

சாயங்காலம் அந்தக் கொக்கியைக் கொண்டுவந்தார். அதே சோதனை செய்தோம். பொடி காய்ந்தே கிடந்தது. ஒரு கோடும் இல்லை.

"விரிசல் இல்லேல்ல?"

"நம்ம கண்ணுக்குத் தெரியல. ஆனா வாய் விரிஞ்சிருக்கு. தாங்காத பாரம் தூக்குனாத்தான் அப்படி விரியும்."

ஒரு நாள் வேலை போய்விட்டது. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இதையும் வெட்டிருங்க பாய். புதுசு வாங்கிக்கிறேன்" என்றார்.

அதுவரை நான் இரும்பின் தரத்தை மட்டும்தான் பார்த்து வந்தேன். இப்போது, அது எங்கே மாட்டப் போகிறது, அடியில் ஆள் நிற்பாரா என்று முதலில் கேட்கிறேன். வேலிக்கு என்றால் துருப்பிடித்த கம்பியையும் எடுத்துக் கொடுப்பேன். ஆள் தலைக்கு மேலே தொங்கப் போகிறது, பழைய கதையும் தெரியாது என்றால், வெட்டி, உருக்கப் போகும் குவியலில் போட்டுவிடுவேன்.