தோளும் தொடையும்

பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் நகர்ந்து வரும் பாட்டில்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வாரத்தில் ஆறு நாள், இருபத்திரண்டு வருஷம். கழுத்துப் பக்கம் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு தெரிந்தால் போதும், கை தானாக நீண்டு அந்தப் பாட்டிலைத் தூக்கித் தொட்டியில் போட்டுவிடும். ஆறு நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், ஏழாம் நாளாவது கண்ணை மூடிப் படுக்கலாம். அவளோ மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குதிரைப் போட்டிக்குப் போய்விடுவாள்.

குதிரைப் போட்டி என்றதும் வட்டமாக ஓடும் பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். இதற்குக் கிராஸ்கன்ட்ரி என்று பெயர். காடு, மேடு, ஓடை, பள்ளம் என்று நான்கு கிலோமீட்டர் தூரம். வழியில் இருபது தடைகள், எல்லாமே தரையில் ஆழப் புதைத்த பெரிய பெரிய மரங்கள். இடித்தால் மரம் விழாது, குதிரைதான் விழும். அதனால் ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் ஒரு நடுவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் விசில், சிவப்புக் கொடி, வாக்கி டாக்கி, ஒரு தாள். சம்பளம் கிடையாது. ஒரு பன்னும் தேநீரும் உண்டு, தேநீர் பெரும்பாலும் ஆறித்தான் வரும்.

அக்காவின் கணவர் லாயத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் ஆள் குறைகிறது என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். ஒருநாள்தானே என்று போனவள் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருஷத்தோடு சரி என்று வருஷா வருஷம் சொல்லுவாள். வீட்டுக்காரர் இப்போதெல்லாம் அதைக் கேட்டுச் சிரிப்பதுகூட இல்லை.

அவள் சேர்ந்தபோது விதிப் புத்தகம் ஒல்லியாக இருந்தது. விழுந்தவர் எழுந்து, மறுபடி ஏறி ஓட்டிக்கொண்டு போகலாம். பிறகு எங்கெங்கோ யார் யாரோ விழுந்தார்கள், சிலர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் புத்தகம் ஒரு பக்கம் பெருத்தது. இப்போது சவாரிக்காரர் விழுந்தால் அதோடு போட்டி முடிந்தது. குதிரை விழுந்தாலும் முடிந்தது, அவர் சேணத்தை விட்டு அசையாமல் இருந்திருந்தாலும்கூட. டாக்டர் அவரைப் பார்க்க வேண்டும், கால்நடை டாக்டர் குதிரையைப் பார்க்க வேண்டும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, அதற்குமேல் ஐந்து படிவம்.

குதிரை விழுந்தது என்று எப்போது சொல்லலாம்? அதற்கும் புத்தகத்தில் கணக்கு இருக்கிறது. முன்தோளும் பின்தொடையும் ஒரே சமயத்தில் தரையில் பட்டால் விழுந்தது. தோள் மட்டும் பட்டால் தடுமாற்றம், போய்க்கொண்டே இருக்கலாம். வேகமாக வரும் ஒரு மிருகத்தில் இந்த இரண்டு இடமும் பட்டதா என்பதை அரை நொடியில் பார்த்துவிட வேண்டும். தோளைப் பார்க்காதே, அது எப்படியும் படும், தொடையைப் பார் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பூதக்கண்ணாடிக்கு அது பாட்டில் கழுத்தைப் பார்ப்பதுபோலப் பழகிவிட்டது.

அன்று அவளுக்குப் பதினாலாம் தடை. மேட்டிலிருந்து இறங்கி வரும் பாதையில் ஒரு பருத்த மரம், தாண்டினால் ஈரமான பள்ளம். அங்கே துணைக்கு உட்கார வேண்டியவருக்குக் காய்ச்சல். ஓட்டுகிறவர்களின் பட்டியலைப் பார்த்ததும் அவள் நேராகத் தலைமை நடுவரிடம் போனாள்.

"சார், இருபத்தி மூணாம் நம்பர் எங்க அக்கா மகன். என்னை வேற தடைக்கு மாத்திடுங்க."

"இருபது தடையும் தாண்டித்தானே ஓட்டணும், எங்க உட்கார்ந்தாலும் அவன் வந்துதான் ஆகணும்" என்றார் அவர். "ஆளே இல்லம்மா. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க. உங்க சதையை இன்னிக்கு ஒருநாள் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

அவருக்கு அது வேடிக்கை. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பதினாலாம் தடைக்கு நடந்தாள். அக்கா மகனுக்கு இருபத்தாறு வயது. அந்தச் சாம்பல் நிறக் குதிரை அவனுடையது அல்ல, லாய முதலாளியுடையது. கடிவாளத்தைக் கண்டாலே கடிக்க வந்த குதிரையை நான்கு வருஷமாகத் தேற்றி, தட்டி, கொஞ்சி ஆளாக்கியவன் அவன். இன்று தவறில்லாமல் முடித்தால் அதை அடுத்த கட்டப் போட்டிக்கு அவனே ஓட்டலாம், இல்லாவிட்டால் வேறு ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். முந்தின நாள் அக்கா போன் செய்து இதைச் சொல்லிவிட்டு, "நீ அங்கதானே இருப்ப" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பதினொன்றரைக்கு இருபத்தி மூன்றாம் நம்பர் வந்தது. அதுவரை அவன்தான் முதலிடம். மேட்டிலிருந்து கொஞ்சம் கூடுதல் வேகத்தில் இறங்கினான். குதிரை மரத்தைச் சுத்தமாகத் தாண்டியது. இறங்கிய இடத்தில் முன்கால்கள் சேற்றில் வழுக்கி, மண்டியிட்டு, வலது பக்கமாக, அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்தது. தோள் பட்டது. பின்தொடையும் பட்டது. பட்ட வேகத்தில் உந்தி எழுந்துவிட்டது. அவன் சேணத்திலேயே இருந்தான். இடது பக்கம் கயிற்றுக்குப் பின்னால் நின்றிருந்த கூட்டம் கைதட்டியது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் விழப்போன குதிரையை ஒருவன் தூக்கி நிறுத்திய சாகசம்தான். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டான்.

பொத்தானை அழுத்தி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குதிரை உடம்பெல்லாம் ஏற்கெனவே ஓடைச் சேறு, புதிதாக ஒட்டிய சேற்றை யார் கண்டார்கள்? கேமராவும் இடது பக்கம். கண்டவள் அவள் ஒருத்தி. பதினைந்தாம் தடையிலிருந்து "இருபத்தி மூணு, தாண்டியாச்சு" என்று குரல் வந்தது. பிறகு பதினாறிலிருந்து. அதற்கு அப்புறம்தான் அவள் கை பொத்தானுக்குப் போனது.

"பதினாலு பேசறேன். இருபத்தி மூணு இங்க குதிரை விழுந்தது. நிறுத்துங்க."

"என்னம்மா, இப்ப சொல்றீங்க? உறுதியா?"

"உறுதி. நிறுத்துங்க."

பதினேழாம் தடையில் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள். கால்நடை டாக்டர் குதிரையை நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. டாக்டர் அவன் கண்ணில் விளக்கடித்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, இன்று என்ன கிழமை என்று கேட்டார். எங்காவது வலிக்கிறதா என்றதற்கு இல்லை என்றான். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முதலாளி ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

விசாரணை, சேணங்கள் வைக்கும் தகரக் கொட்டகையில் நடந்தது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால். முதலாளி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் அவளைப் பார்க்கவில்லை. கேமராவில் எடுத்ததை ஏழு தடவை ஓட்டினார்கள். குதிரையின் இடது பக்கமும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

"நீங்க சொன்னதுக்கும் அவர் தாண்டினதுக்கும் நடுவுல ரெண்டு தடை போயிடுச்சு" என்றார் தலைமை நடுவர். குரலில் கோபம் இல்லை, வழி காட்டுகிற தொனிதான் இருந்தது. "அப்படின்னா உங்களுக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கும், இல்லையா? சந்தேகம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். சந்தேகம்னா சவாரிக்காரருக்குத்தான் சாதகம், புத்தகத்துலயே இருக்கு. நிறுத்தின இடத்துலேருந்து மத்தியானம் மறுபடி ஓடவிட்டுடலாம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் போய்ப் படுக்கலாம். அக்கா பேசுவாள், இவன் சிரிப்பான், குதிரை அவனிடமே இருக்கும். புத்தகத்தில் இன்னொரு பக்கம் ஏறாது, ஏனென்றால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"சந்தேகத்துல நிக்கல சார்" என்றாள். "அக்கா மகனாச்சேன்னு நின்னேன். அது என் தப்பு, அதையும் எழுதிக்குங்க. தோளும் பட்டுச்சு, தொடையும் பட்டுச்சு. பார்த்தேன்."

முதலாளி நாற்காலியை நகர்த்தினார். "சொந்தச் சித்தியே இப்படின்னா ஊரான் எப்படி இருப்பான்" என்று பொதுவாகச் சொன்னார்.

தலைமை நடுவர் அவன் பக்கம் திரும்பினார். "மேல உட்கார்ந்திருந்தது நீங்கதான். பின்பக்கம் தரையில பட்டது தெரிஞ்சுதா?"

"இல்ல சார்" என்றான் அவன். "வழுக்குச்சு. தோள் பட்டிருக்கலாம். பின்னாடி எதுவும் படல."

கண்ணால் பார்த்த நடுவர் உறுதியாகச் சொன்னால் அதுதான் முடிவு என்பதும் புத்தகத்தில் இருந்தது. ஆட்சேபம் தள்ளுபடி. முதலாளி வெளியே போய், அங்கேயே நின்று வேறொரு ஓட்டுநருக்குப் போன் போட்டார். கொட்டகைத் தகரத்துக்கு அந்தப் பேச்சை மறைக்கும் அளவுக்குக் கனமில்லை. மேசைக்காரர்கள் தாள்களைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். இந்த வருஷத்தோடு சரி என்று நினைத்தாள். அக்காவிடம் என்ன சொல்வது என்று நினைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவன்மேல் கோபமும் வந்தது. அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

அவனும் போகவில்லை என்பதை அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். சேணம் மாட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தான். முகம் வெளுத்து வேர்த்திருந்தது.

"சித்தி" என்றான். "இந்த பூட்ஸைக் கொஞ்சம் கழட்டிவிடேன். என்னால முடியல."

அவள் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்தாள். வலது கால். முழங்கால்வரை உயர்ந்த தோல் பூட்ஸ், உள்ளே கால் வீங்கி அடைத்திருந்தது. இழுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டான். ஜிப்பை இறக்கி, தோலை அகட்டி, விரல் விரலாக விடுவித்துக் கழற்றக் கால் மணி நேரம் ஆனது. கணுக்கால் இருந்த இடம் தெரியவில்லை, கறுத்து உருண்டிருந்தது. பக்கவாட்டில், சேணத்தில் கால் நுழைக்கும் அங்கவடியின் இரும்பு பதிந்த தடம்.

"கால் மேலயே படுத்துடுச்சு சித்தி" என்றான். "முழு எடையும். காமிச்சா விழுந்துச்சுன்னு ஆயிடும். அதான் டாக்டர்கிட்ட சொல்லல."

இந்தக் காலோடு பதினைந்தைத் தாண்டியிருக்கிறான். பதினாறைத் தாண்டியிருக்கிறான். அவள் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்த நேரம் அது. சந்தேகம் என்று சொல்லியிருந்தால் மத்தியானம் மிச்சத்தையும் தாண்டப் போயிருப்பான். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் இதைப் பார்க்கவில்லை. தொடையைப் பார் என்றார்கள், தொடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை.

அழுது முடித்து, வாக்கி டாக்கியில் டாக்டரைக் கூப்பிட்டாள். பையிலிருந்து காயத்துக்கான படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதையும் எழுதப் போறியா?" என்றான்.

"எழுதணும்டா."

வெளியே யாரோ சாம்பல் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பலகையில் குளம்புகள் ஏறும் சத்தம் நிற்கும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பதினாலுலன்னு எழுது" என்றான். "வலது கால்."