வெட்டி எழுதிய பெயர்

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்குச் சின்னதாக ஒரு டிக்கட் கடை. விமானக் கம்பனிகளின் சரித்திரம் எனக்கு அத்துப்படி. எது எதோடு சேர்ந்தது, எந்தப் பெயர் போய் எந்தப் பெயர் வந்தது, எந்த விமானத்தின் வாலில் புது நிறம் பூசினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத் திருத்தாமல் விடமாட்டேன். அதில் எனக்கொரு பெரியமனுஷத்தனம்.

போன வருஷம், மக்காவுக்கு உம்ரா போகிறவர்களுக்கு நான் டிக்கட் போட்டிருந்த கம்பனி இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறியது. எங்கள் ஆட்கள் ஏர்போர்ட்டில் பழைய பெயரைத் தேடி அலையக்கூடாதே என்று, மேசை லாச்சியில் இருந்த டிக்கட் என்வலப்புகளை எல்லாம் எடுத்துப் பழைய பெயரை வெட்டிப் புதியதை எழுதி வைத்தேன்.

அடுத்த நாள் எங்கள் பக்கத்துக் கரைத்தீவிலிருந்து ஒரு டீச்சர் தன் உம்மாவின் டிக்கட்டை வாங்க வந்தார். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். என்வலப்பைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் பெயர் மாறிய கதையை அளந்தேன். அவர் என்வலப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் குழம்பாமலிருக்க, பக்கத்தில் ஓர் அடையாளம் எழுதுவது என் பழக்கம். சிலருக்கு உப்பளம், சிலருக்கு மரக்கடை. அவருடைய உம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் 'அகதி' என்று எழுதியிருந்தேன்.

"கம்பனிக்குப் பேர் மாறி எவ்வளவு நாள் நானா?" என்று, அண்ணனைக் கூப்பிடும் முறையில் கேட்டார்.

"மூணு கிழம."

"நான் பொறந்ததே இங்கதான். என்ட புள்ளைகளும் இங்கதான் பொறந்த."

டிக்கட்டை மட்டும் உருவி எடுத்து ஹேண்ட்பேக்கில் வைத்தார். என்வலப்பை என் பக்கமாகத் தள்ளினார்.

"உம்மாக்கு வாசிக்கத் தெரியும் நானா."

சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.  

லாச்சியைத் திறந்து பார்த்தேன். அதே சொல் எழுதிய என்வலப்புகள் இன்னும் பதினொன்று இருந்தன. எல்லாம் என் கையெழுத்து. முதல்நாள்தான் அவை ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கம்பனியின் பெயரைக் கவனமாக வெட்டித் திருத்தியிருந்தேன். டீச்சர் தள்ளிவிட்டுப் போனதையும் சேர்த்தால், அந்தச் சொல்லுக்கு ஒரு விரல் தூரத்தில் என் பேனை பன்னிரண்டு தடவை போய் வந்திருக்கிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.