பாக்கியம் அக்காவின் மண்ணெண்ணெய்ப் பாட்டில்

குருண் ஊரில் பீசாங் கோரெங் என்ற வாழைப்பழப் பஜ்ஜி விற்கும் ஒரு கடையின் பின்புறம் பழைய எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பாக்கியம் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். டின்னுக்குள் கரப்பான் ஒன்று மிதந்தது. அன்று எனக்கு அருவருப்புக்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய பட்டறையும் தெரிந்திருக்கும். புக்கிட் செலம்பாவில் சாலையோரத் தகரக் கொட்டகை. கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயை வாங்கி வருவோம். வடைத்தூள், கோழித்தோல் எல்லாம் வடிகட்டி, தண்ணீர் வற்றக் காய்ச்சி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலப்போம். அடியில் இறங்கும் கிளிசரினை எடுத்துவிட்டு, மேலே நிற்பதைக் கழுவினால் பயோடீசல். எங்கள் வேன் அதில்தான் ஓடியது. அந்த நாற்றத்துக்கு என் மனைவி இன்றும் என் துணிகளைத் தனியாகத்தான் துவைக்கிறாள்.

நான் நாற்றத்தைப் பற்றி முனகினால் அக்காவுக்குப் பிடிக்காது. “அழுக்கு எண்ணெய் அசிங்கமில்ல தம்பி. அத திருப்பி மனுசன் வாயிலயே ஊத்துறானுங்க பாரு, அதான் அசிங்கம்,” என்பார்.

அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கறுத்த எண்ணெயை வெளுக்க வைத்து, புதிது போலப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். நம் கடைக்காரர்கள் சிலர் தெரிந்தே அவர்களுக்குக் கொடுத்தார்கள். தூ! அதனால் அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் பாட்டிலில் மண்ணெண்ணெய் இருக்கும். நாங்கள் மறுநாள் எடுக்கப்போகும் டின்னில், முதலாளி பார்க்கப் பார்க்க ஒரு மூடி ஊற்றுவார். “இனி இது வண்டிக்குத்தான்.”

ஒருமுறை கோயில் திருவிழா அன்னதானத்துக்கு பொரித்துக் கழித்த கறுப்பு எண்ணெய் வந்து இறங்கியது. அடுப்பு மூட்டும் முன்பே அக்கா பார்த்துவிட்டார்.

“எல்லா எடத்துலயும் இப்படித்தான் லா. சூடு பண்ணா கிருமி செத்துரும்,” என்றார் கோயில் தலைவர்.

“கிருமி செத்துரும், சரி. உங்க வெக்கமும் சேந்து செத்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா டின்னில் பாட்டிலைக் கவிழ்த்தார். அன்று வடை கிடைக்காத கோபத்தில் அவரைப் பேய் என்று திட்டியவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். நன்றாகப் படியுங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அதே தலைவர் மாலையோடு வந்தார். சாப்பாடு தன் பொறுப்பு என்றார். “சுத்தத்துக்குப் பேர்போன அம்மா,” என்று பேசவும் செய்தார். எழுந்து வீட்டின் பின்பக்கம் போனேன்.

அங்கே சமையல்காரர் ஒரு டின்னைத் திறந்துகொண்டிருந்தார். காப்பிக் கறுப்பு, ஓரமெல்லாம் பழைய நுரை, மீன் கவிச்சி.

“நல்ல எண்ணெய்தான் அண்ணே, ரெண்டு விருந்துக்குத்தான் பொரிச்சது,” என்றார். அதில் சுடும் முதல் வடையை அக்காவின் படத்துக்கு முன்னால் படைக்கப்போகிறார்களாம்.

அக்காவின் மகளிடம் போய்ச் சொன்னேன். ஆணியில் தொங்கிய கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி என் கையில் கொடுத்தாள். நான் டின்னில் ஊற்றினேன்.

தலைவர் ஓடிவந்தார். “என்னா தம்பி இது, சாவு வீடு லா!”

“உயிரோட இருந்தப்ப அவங்க வாய்க்குப் போகாதது, இப்ப மட்டும் போகணுமா?” என்றேன்.

படையலில் அன்று வாழைப்பழமும் அவித்த கடலையும்தான் இருந்தன. அந்த டின் எண்ணெயை வேனில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பாட்டிலை மகள் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். நாளைக்கும் நான் கடை கடையாக வருவேன், பாட்டில் நிரம்பித்தான் இருக்கும்.