குழாய் இன்னும் கேடுதான்

வலியசாலைக் குளத்துப் படியில் என் மனைவி ஒருநாள் வழுக்கி விழப் பார்த்தாள். அறுபது வயதாயிற்றே என்று பயந்துபோய், வீட்டுக்குள்ளேயே குளிக்கக் குழாய் வைத்துக் கொடுத்தேன். தினமும் குளத்துக்கு நடந்து, குளித்து, கோவிலைப் பிரதட்சிணம் செய்து வந்தவள் வாசற்படி தாண்டாமல் ஆனாள்.

சில மாதங்களில் மறதி தொடங்கியது. சாம்பாருக்கு மறுபடி மறுபடி உப்புப் போட்டாள். ஒரு மாலை நான் பழவங்காடியிலிருந்து திரும்பியபோது வாசலில் நின்று, "யாரைப் பார்க்கணும்? அவர் ஆத்துல இல்லையே" என்றாள்.

அந்த வாரம் பார்த்துக் குழாய் கேடாகித் தண்ணீர் நின்றுபோனது. வேறு வழியின்றி அவள் கையைப் பிடித்துக் குளத்துக்கு அழைத்துப் போனேன். குழாய் சரியாகப் பல வாரங்கள் பிடித்தன. அதற்குள் எதிரே வருகிறவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். மறதி அடியோடு போயிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னை அவளுக்குத் தெரிகிறது.

இப்போது குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. நாங்கள் தினமும் குளத்துக்குத்தான் நடக்கிறோம்.

"மாமா, பைப்பு இன்னும் சரியாகல்லியா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எங்கே! இன்னும் கேடாத்தான் கிடக்கு" என்பேன்.

பொய் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, அவள் என் கையைக் கிள்ளுவாள்.