ஒன்பது பேருக்கு இரண்டு பொய்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலத்தில் நான் சாலைப் பணியாளர்களுக்கு மேஸ்திரியாக இருந்தேன். மேஸ்திரியாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் கீழே ஒன்பது பேர். ஐந்து பேர் எங்கள் ஊர், எங்கள் சாதி. நான்கு பேர் காலனி.

போராட்டம் எங்கள் சாதிக்காரர்களுடையது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலையில், மறியலுக்காகப் பெரிய புளியமரம் ஒன்றை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மலைக்கு ரேஷன் அரிசி ஏற்றிய லாரி மூன்று நாளாக அங்கேயே நின்றது. நாளைக்குள் மரத்தை அறுத்து வழி விட்டாக வேண்டும் என்றார் நெடுஞ்சாலைத் துறை அதிகாரி. போலீஸ் வருமா என்று கேட்டேன். அவர்களுக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்றார்.

ஐவரில் மூத்தவர் எனக்கு மாமா முறை. அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"நம்ம ஆளுங்க வெட்டிப் போட்ட மரத்த நாமளே எடுக்கறதா? வெக்கமா இல்ல உனக்கு?"

"மலையில அரிசி இல்லாம கெடக்கறாங்க மாமா."

"நம்ம புள்ளைங்க வேலை இல்லாம கெடக்குதுங்களே, அதுக்கு எந்த லாரி வந்துச்சு? மேஸ்திரி ஆனதும் சாதி மறந்துபூட்சா?"

காலனியில் நால்வருக்காகவும் பேசியவர் என் வயதுக்காரர். வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"நீங்க ஊர்ல இருக்கறவரு. நாங்க அந்த மரத்துல கைய வெச்சா எங்க வூடு இருக்குமாங்க? எல்லாம் கூரை வூடு. இன்னாத்துக்கு எங்களக் கோத்து வுடறீங்க?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. ஒன்பது பேரை ஒரு வேலைக்குக் கூட்டி வரத் துப்பில்லாதவன் என்று அதிகாரி நினைப்பாரே என்ற கோபம். திரும்பவும் மாமா வீட்டுக்குப் போனேன். "காலனி ஆளுங்களே அறுக்கறேன்னுட்டாங்க. நீங்க வந்து சும்மா நின்னா போதும்" என்றேன். அப்படியே காலனிக்குப் போய், "ஊர்க்காரங்க ரம்பம் புடிக்கறாங்க. அறுத்த கிளைய நீங்க ஓரமா இழுத்துப் போட்டா போதும்" என்றேன். இரண்டு இடத்திலும் என்னை நம்பினார்கள்.

மறுநாள் காலையில் ஒன்பது பேரும் வந்தார்கள். இருவர் சேர்ந்து இழுக்கும் நீள ரம்பம் தரையில் கிடந்தது. யாரும் குனியவில்லை.

"இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? அறுங்க" என்றார் மாமா.

"நீங்கதான் அறுக்கப் போறதா மேஸ்திரி சொன்னாரு" என்றார் காலனிக்காரர்.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். என் காலடியில் காறித் துப்பினார். ஐவரும் கரும்புக் கொல்லை ஓரமாகப் போய் உட்கார்ந்தார்கள். நால்வரும் லாரி நிழலுக்குப் போனார்கள். நான் கோடாரியை எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த லாரி டிரைவர், அவர் வெளியூர்க்காரர், இறங்கி வந்து ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்தார். "இவங்கள்லாம் உங்க ஆளுங்களா?" என்று கேட்டார். நான் கோடாரியைப் போட்டுவிட்டு மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். பிற்பகலில் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது. லாரி மலைக்குப் போனது. என் உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

கிளம்பும்போது காலனிக்காரர் என் அருகே வந்தார்.

"ஊர்க்காரங்க முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராவே காட்டிட்டாங்க. எங்களுக்குப் பயம், அத நாங்களும் சொன்னோம். நீங்கதான் பொய் சொல்லி எங்கள இங்க நிக்க வெச்சீங்க. எவனாவது பாத்துட்டு வந்து தீ வெச்சா, அணைக்க வருவீங்களா?"

வரமாட்டேன் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அந்த வாரம் முழுவதும் தினமும் காலையில் காலனி வழியாகச் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். ஒன்றும் எரியவில்லை. நால்வரும் வேறு மேஸ்திரியிடம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மாமா என்னிடமே வேலை பார்த்தார், ஓய்வு பெறும்வரை. நான் ஏதாவது வேலை சொன்னால் பக்கத்தில் நிற்பவரிடம், "இன்னா சொல்றாரு அவரு?" என்று கேட்பார். அந்த ஆள் அதையே திரும்பச் சொன்ன பிறகுதான் மண்வெட்டியை எடுப்பார்.