ஜப்பான் லொறியும் எங்கள் முனியாண்டியும்

ஞாயிற்றுக்கிழமை டீவியில் ஒரு ஜப்பான் படம். இரண்டு லொறிக்காரர்கள் போலீசுக்குத் தண்ணி காட்டிவிட்டு ஓடுகிறார்கள். ஒரே அடிதடி, ஒரே சிரிப்பு. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மலை வளைவில் இருந்த சின்னக் கோயிலில் நிற்காமல் அவர்களில் ஒருவனின் லொறி பறந்ததும், "சாமி கும்பிடாம போறான், கவுத்துருவான் பாரு" என்றார்.

"பேசாம படத்தப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். சொல்லி வாய் மூடவில்லை, லொறி ஆற்றுக்குள் பாய்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. படம் முடியும்வரை வரவில்லை.

மறுநாள் காலை லிந்துலைக்கு அவரோடு லொறியில் போனேன். வழக்கம்போல் முனியாண்டி கோயிலடியில் நிறுத்தி இறங்கியவர், இரண்டு கற்பூரம் கொளுத்தினார்.

"எதுக்குங்க ரெண்டு?"

"ஒன்னு அந்த ஜப்பான்காரனுக்கு. கரண்டு போறப்ப ஆத்துலதானே கெடந்தான்."