கீபோர்டுக்குப் போன பேட்டரி

பேட்டரிப் பெட்டியின் சின்னத் திரையில் ஒன்பது விழுக்காடு என்று காட்டியது. தட்டிப் பார்த்தேன். எட்டு ஆனது. அன்று மாலை அந்த ஆற்றோரத்தில் நான் பட்ட பாட்டை ஆண்டவர் ஒருவரே அறிவார், பிரியமானவர்களே.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் சபையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கும் குழுவை நடத்துகிறேன். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். ஒருமுறை சிவப்பு விளக்கில் வேனை நிறுத்தியவன் அப்படியே தூங்கிவிட்டேன். "அங்கிள்! அங்கிள்!" என்று பிள்ளைகள் கத்தித்தான் விழித்தேன். அன்றிலிருந்து முகத்தில் மாஸ்க் மாட்டி, காற்றடிக்கும் மெஷினோடுதான் படுக்கிறேன். என் மனைவி ரூத்தைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. பிறர் நோய்க்கு ஜெபிக்கிறவனுக்கே நோயா என்று கேட்டுவிடுவார்களே என்ற வெட்கம். வெட்கம் என்ன வெட்கம், அகங்காரம்தான்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் சபைக் குடும்பங்கள் ரவாங் ஊரைத் தாண்டி ஓர் ஆற்றோரம் கூடாரம் போட்டோம். மின்சாரம் கிடையாது. போன் லைனும் கிடையாது. பதின்மூன்று பேரை வேனில் ஏற்றிப் போனவன் நான். மறுநாள் காலை மலைப்பாதையில் திரும்ப அழைத்து வரவேண்டியவனும் நானே. ஆட்களை ஏற்றி வேன் ஓட்டும் லைசென்ஸ் வேறு யாருக்கும் இல்லை. மெஷினுக்காகப் பெரிய பேட்டரி ஒன்றை முழுக்கச் சார்ஜ் செய்து கொண்டுபோயிருந்தேன்.

"இது எதுக்கு அண்ணே? கரண்டு ஏதும் வேணுமா?" என்று சபைத் தம்பி ஜெயராஜ் கேட்டார். பூச்சோங் இரவுச் சந்தையில் வடை போடுகிறவர். கூடாரச் சாமான்களைத் தம் லோரியில் ஏற்றி வந்திருந்தார்.

"சும்மா லா, போன் சார்ஜ் பண்ண. யாரு வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக் குழுவினர் கீபோர்டையும் ஸ்பீக்கரையும் அதில் செருகினார்கள். யாரோ மைலோ கலக்க வெந்நீர்க் கெட்டிலையும் செருகினார்கள். மதியம் முழுவதும் ஆராதனை. அந்த வயர் எங்கிருந்து வருகிறது என்று பாராமல், எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டிப் பாடியவன் நான்தான்!

மாலையில் பார்த்தால் இந்தக் கதி. யாரைத் திட்டுவது? உட்கார முடியவில்லை. ஆற்றுக்குப் போனேன், திரும்பினேன், மறுபடியும் போனேன். வேன் பேட்டரியிலிருந்து எடுக்கலாமா? காலையில் வேன் ஸ்டார்ட் ஆகாவிட்டால்? விடிய விடிய விழித்திருக்கலாமா? அந்த வளைவுகளில் கண் சொருகினால் பதின்மூன்று உயிர். "ஆண்டவரே, இந்த நம்பரை ஏற்றிக் கொடும்" என்று அழுதேன். ஏறவில்லை. அவர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ரூத் பின்னாலேயே வந்தாள். "இன்னும் எத்தன தடவ நடப்பீங்க? வாயத் தொறந்து அவங்ககிட்ட சொல்லுங்களேன். ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றீங்க, உங்களுக்கு வேணாமா?"

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மெஷின், சிவப்பு விளக்கு, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்காக ஜெபம் பண்ணுங்க. இல்லன்னா நாளைக்கு என்னை வேன் ஓட்ட விடாதீங்க." இத்தனை வருடத்தில் எனக்காக நான் ஜெபம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒருவரும் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். ஆமென் சொன்ன கையோடு ஜெயராஜ் லோரிக்கு ஓடினார். கடை விளக்குக்கு வைத்திருக்கும் இரண்டு பெரிய பேட்டரிகள், இன்வெர்ட்டரோடு, தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன.

"நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா அப்பவே எறக்கி வச்சிருப்பேன் லா, அண்ணே! என்ன மனுஷன் நீங்க!" திட்டிக்கொண்டேதான் வயர் இழுத்தார். மெஷினில் காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதிதான் கரண்டை அதிகம் இழுக்கும், அதை அணைத்தோம். ராத்திரி மெஷின் நின்றால் எழுப்புகிறேன் என்று என் கூடாரத்து வாசலிலேயே படுத்துக்கொண்டார்.

விடியும்வரை தூங்கினேன். பதின்மூன்று பேரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் அழுது கேட்ட உதவி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் வாய் திறக்கட்டும் என்று ஆண்டவர் காத்திருந்தார்.

இப்போது ஜெபக் குழுவில் என் விண்ணப்பத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுடையதைக் கேட்கிறேன். உங்களில் யாராவது ஏதாவது ஒன்றை மறைத்துக்கொண்டு தனியாக நடந்துகொண்டிருந்தால், ஆண்டவரை நம்பி இன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். உங்களுக்காக நான் ஜெபிக்கிறேன். எனக்காக நீங்கள் ஜெபியுங்கள். கூச்சமில்லாமல் கேட்கிறேன்.